நாலு மணிப் பசி

பள்ளி விடும் நேரத்தில் கேட்டுக்கு வெளியே ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். மணி அடித்ததும் பாதிப் பிள்ளைகள் வீட்டுப் பக்கம் திரும்புவதில்லை. எதிரே பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டுகளைப் பார்த்து ஓடுகிறார்கள். பல்லால் கிழித்து, விரலில் ஒட்டிய ஆரஞ்சுத் தூளை நக்கிக்கொண்டே நடக்கிறார்கள். நாக்கு ருசி கண்டுவிட்டது என்று திட்டுகிறோம். எனக்கென்னவோ அது பசி என்றுதான் படுகிறது. பன்னிரண்டரை மணிக்குச் சாப்பிட்ட பிள்ளைக்கு நாலு மணிக்குப் பசிக்காதா?

காலையும் மதியமும்

பள்ளியில் சோறு போடுவதில் தமிழ்நாட்டுக்கு நூறாண்டுப் பழக்கம் இருக்கிறது. 1920-இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கியது. காமராஜர் காலத்தில் அது மதிய உணவுத் திட்டமாக ஊரெங்கும் பரவியது. 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். பிறகு முட்டை வந்தது, பயறும் கொண்டைக்கடலையும் வந்தன. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவு, மறு ஆண்டே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது. பொங்கல், கிச்சடி, உப்புமா, கூடவே சாம்பார்.

ஆனால் காலை உணவு தொடக்கப் பள்ளிக்கென்று வந்த திட்டம். உடம்பு சட்டென்று வளர்வது அதைத் தாண்டிய வயதில்தான். ஏழாவது, எட்டாவது படிக்கும் பெண்களில் எத்தனை பேர் ஒரு டம்ளர் டீயோடு பஸ் ஏறுகிறார்கள் என்று எந்த ஆசிரியரைக் கேட்டாலும் சொல்வார். அப்படி வந்த பிள்ளைக்குச் சாயங்காலப் பசி இரட்டிப்பாகத்தான் இருக்கும்.

பாக்கெட்டின் பின்பக்கம்

பாக்கெட்டின் முன்பக்கம் தக்காளிப் படம் இருக்கும். பின்பக்கத்தைத்தான் படிக்க வேண்டும். பொடி எழுத்தில் சோடியம் என்று மில்லிகிராம் கணக்கு போட்டிருப்பார்கள். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு தெரியும். 400 மில்லிகிராம் சோடியம் என்றால் ஒரு கிராம் உப்பு. பெரியவர்களே ஒரு நாள் முழுக்க ஐந்து கிராமுக்குள் நிற்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குளிர்பானமும் இப்படித்தான். கால் லிட்டர் பாட்டிலில் ஏறத்தாழ 25 கிராம் சர்க்கரை, அதாவது ஐந்து டீஸ்பூன். வீட்டுக் காப்பியில் ஒரு பிள்ளைக்கு ஐந்து ஸ்பூன் போட எந்த அம்மாவுக்குக் கை வரும்?

நிறத்தையும் பார்க்க வேண்டும். 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாய்க்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது நினைவிருக்கும். துணிக்குப் போடும் ரோடமின்-பி சாயம் அதில் இருந்ததுதான் காரணம். பேரே இல்லாத பாக்கெட்டில் கண்ணைப் பறிக்கும் நிறம் இருந்தால் வாங்காதீர்கள்.

ஐம்பத்தோராவது மீட்டர்

உப்பும் சர்க்கரையும் கொழுப்பும் மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று 2020-லேயே இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டிருக்கிறது. நல்ல விதிதான். ஆனால் பசித்த பிள்ளைக்கு ஐம்பத்தோராவது மீட்டர் ஒரு தூரமா?

இன்னொரு விஷயம், வாசலில் நிற்கும் எல்லோரையும் ஒரே கம்பால் விரட்டக் கூடாது. எங்கள் ஊர்ப் பள்ளி வாசலில் ஒரு பாட்டி கூடை வைத்திருந்தார். பருவத்துக்கு ஏற்ப நாவல்பழம், கொய்யா, அவித்த வேர்க்கடலை, தை மாதத்தில் பனங்கிழங்கு. வாசலைச் சுத்தம் செய்கிறோம் என்று ஒருநாள் அவரையும் கிளப்பிவிட்டார்கள். பெட்டிக்கடை மட்டும் அங்கேயே இருக்கிறது. கேட்க வேண்டியதைக் கேட்டிருக்கலாம்: பழத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள், ஈ மொய்க்காமல் மூடி வையுங்கள், அச்சடித்த தாளில் மடித்துத் தராதீர்கள். அவ்வளவுதானே.

கொய்யாவும் ரத்தமும்

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. பள்ளியில் வாரம் ஒருமுறை இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள். வெறும் வயிற்றில் விழுங்கினால் சிலருக்குக் குமட்டும், அதனால்தான் சாப்பிட்ட பிறகு போடச் சொல்வது. கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பை உடம்பு எளிதில் எடுத்துக்கொள்ளாது. கூடவே வைட்டமின் சி போனால் நன்றாக எடுத்துக்கொள்ளும். கொய்யாவிலும் நெல்லிக்காயிலும் அது ஏராளம். சுண்டலில் எலுமிச்சம்பழம் பிழிந்தாலும் சரிதான். டீ இதற்கு நேர் எதிர், சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் இரும்பைத் தடுத்துவிடும்.

ஒரு கிலோ கொண்டைக்கடலை

நாலு மணிக்கு என்ன கொடுக்கலாம்? ஒரு கிலோ கொண்டைக்கடலையை முதல் நாள் இரவு ஊறப்போட்டு அவித்தால் ஏறக்குறைய இரண்டு கிலோ தேறும். நாற்பது பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு சின்னக் கிண்ணம். கடலை கிலோ நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு பிள்ளைக்கு இரண்டரை ரூபாய், தாளிப்பும் தேங்காயும் சேர்த்தால் மூன்று, நான்கு ஆகும். அந்த ஆரஞ்சுத் தூள் பாக்கெட்டை விடக் குறைவு. ஒருநாள் பாசிப்பயறு, ஒருநாள் சர்க்கரைவள்ளிக்கிழங்கு, ஒருநாள் வேர்க்கடலை என்று மாற்றலாம். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை இருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

யார் செய்வது என்பதுதான் சிக்கல். சத்துணவு அம்மாக்களின் தலையில் இன்னொரு அடுப்பைச் சுமத்துவது நியாயமில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. அங்கே பேச்சை எடுக்கலாம், கிராம சபையிலும் எடுக்கலாம். பிறந்தநாளுக்கு வகுப்பு முழுக்கச் சாக்லேட் வாங்கித் தரும் வீடுகள் நிறைய இருக்கின்றன. அந்தப் பணத்துக்கு ஒருநாள் சுண்டல் என்று கேட்டால் பலர் மறுக்க மாட்டார்கள்.

கிளப்பிவிட்ட பாட்டி இப்போது பஸ் ஸ்டாண்டில் கூடை வைத்திருக்கிறார். வேர்க்கடலை அவிக்க அவருக்குத் தெரியும். யாராவது போய்க் கூப்பிட வேண்டும்.