சுருட்டின் மேலிலையும் அதன் கறைகளும்

அசோக் நகர்க் கடைவீதியில் வாழைப்பழம் வாங்குவோரைக் கவனித்திருப்பீர்கள். தோலில் கரும்புள்ளி கண்டதும் ஒருவர் சீப்பைக் கீழே வைத்துவிடுகிறார். அதே புள்ளியைக் கண்டு, நன்கு கனிந்திருக்கிறதென்று மற்றொருவர் எடுத்துக்கொள்கிறார். இலையைப் பார்த்து விலை சொல்லும் சுருட்டுத் தொழிலிலும் இத்தகைய வழக்கு உண்டு.

திருச்சிராப்பள்ளிச் சுருட்டு ஒரு காலத்தில் கடல் கடந்தும் பெயர் பெற்றிருந்தது. 1887-இல் வெளிவந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதையில், தரையில் சிந்திய சாம்பலைக் கண்டே அதனைத் திருச்சிச் சுருட்டு என்று துப்பறிவாளர் கூறிவிடுகிறார். திண்டுக்கல்லில் சென்னை ஸ்பென்சர் நிறுவனம் சுருட்டுத் தொழிற்சாலையே நடத்தியது. அருகிலுள்ள வேடசந்தூரில் 1948-இல் சுருட்டுப் புகையிலைக்கென ஓர் ஆராய்ச்சி நிலையமும் தோன்றியது.

சுருட்டின் உள்ளே நிரப்புவது ஓர் இலை. வெளியே சுற்றுவது மேலிலை. கண்ணுக்குத் தெரிவது மேலிலையே ஆதலால், அது மெல்லியதாய், நரம்பு தடிக்காமல், ஒரே நிறமாய் இருத்தல் வேண்டும் என்பர். அவ்வாறு அமைந்தால் உழவருக்கு நல்ல விலை; இல்லையேல் அதே இலை உள்நிரப்பாகத் தாழ்ந்த விலைக்குப் போகும். ஒரு புள்ளியைப் பற்றிய தீர்ப்பு ஒரு குடும்பத்தின் வருவாயையே தொடுகிறது அன்றோ!

புள்ளி எவ்வளவு பெரிது என்பதைவிட, அது முடிந்துபோன ஒன்றா, இன்னும் வளர்கின்ற ஒன்றா என்று கேட்பதே முறை என்பேன். இலை மிக விரைவில் உலர்ந்துவிட்டால், பச்சையம் சிதையாமல் பச்சைத் திட்டுகள் தங்கிவிடும். செடியின் மேற்பகுதி இலைகள் தடித்துக் கருநிறம் கொள்ளும். இவை பழைய வரலாறு; பரவுவன அல்ல. ‘தவளைக்கண்’ என்னும் வெண்ணடுப் புள்ளி ஒரு பூசணத்தின் வேலை. உலர்ந்து பதமான இலையில் அதுவும் அடங்கிவிடும். ஆனால் நடுப்பகுதி உதிர்ந்து துளை விழுந்திருந்தால் அங்கே காற்றுப் புகும். சுருட்டு ஒருபக்கமாக எரியும். ஆகவே விரலால் தடவிப் பார்த்தே முடிவு செய்யவேண்டும்.

பின்னால் வந்து சேரும் குறைகள் வேறு வகை. ஊசித்துளையும் அதன் வாயில் பொடியும் காணப்பட்டால், உள்ளே புகையிலை வண்டின் புழு தின்றுகொண்டிருக்கிறது. அந்தப் பெட்டி முழுவதையுமே ஐயுற வேண்டும். பச்சையும் நீலமுமாகப் பஞ்சுபோல் படர்வது ஈரத்தில் வளரும் பூசணம். வெண்பொடி படிந்திருந்தால், ‘இது சுருட்டு முதிர்ந்ததன் அடையாளம்’ என்று பெருமை பேசுவோர் உண்டு. நுண்ணோக்கியின் கீழ் வைத்தால் அதிலும் பெரும்பாலும் பூசண இழைகளே தென்படுகின்றன. (மாசற்ற மேலிலைச் சுருட்டும் புற்றுநோயைத் தருவதே; அதில் நல்லது கெட்டது என்ற பாகுபாடு இல்லை.)

புகையிலையின் இன்னொரு நிறக்கேடு தேமல் நோய். 1892-இல் ருஷ்ய நாட்டு இவனோவ்ஸ்கி, தேமல் கண்ட இலையின் சாற்றைப் பாக்டீரியாவும் நுழையாத வடிகட்டியில் வடித்தார். வடிந்த சாறு அப்போதும் நோயைப் பரப்பியது. 1898-இல் ஹாலந்து நாட்டு பெய்ஜெரிங்க் அந்த நோய்ப்பொருளுக்கு வைரஸ் என்று பெயரிட்டார்.