மறந்தது நினைவா, மங்கியது செவியா?

முதல் வெள்ளியன்று நோயாளிகளுக்கு நற்கருணை வழங்க இராசபாளையத்தில் ஒரு வீட்டிற்குச் சென்றிருந்தோம். நூற்பாலையில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்ந்த முதியவர் ஒருவர் திண்ணை மூலையில் அமர்ந்திருந்தார். “அப்பாவுக்கு எல்லாம் மறந்துபோயிற்று, சாமி, எது கேட்டாலும் பதில் இல்லை” என்று மகன் வருந்தினார். நாம் குனிந்து, அவர் காதருகே பரலோக மந்திரத்தை உரக்கத் தொடங்கினோம். அவரோ பிழையின்றி முடித்து, நம் நலத்தையும் விசாரித்தார்!

ஆலை இரைச்சலில் ஆண்டுக்கணக்காய் நின்றவர்க்குச் செவி மங்குதல் உண்டு. செவி மங்கினால் பேச்சு குறைகிறது. பேச்சு குறைந்தால் மூளையின் பயிற்சியும் குறைகிறது. 2024-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழின் வல்லுநர் குழு, மறதிநோய்க்குத் துணைபோகும் 14 காரணங்களை எடுத்துரைத்தது. அவற்றை அகற்றினால், உலகில் ஏறத்தாழ 45 விழுக்காடு மறதிநோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ கூடும் என்றது. செவிக்குறை, இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைபிடித்தல், மிகுகுடி, உடலுழைப்பின்மை, தனிமை ஆகியவை அவற்றுள் அடங்கும்.

நம் திருச்சபைக் கன்னியரும் இவ்வறிவுக்குத் துணைபுரிந்துள்ளனர். 1986-இல் அமெரிக்காவில் டேவிட் ஸ்னோடன் என்னும் அறிஞர் தொடங்கிய ஆய்வில், 75 வயதும் அதற்கு மேலும் ஆன 678 துறவியர் பங்கேற்று, இறந்தபின் தம் மூளையையும் ஆய்வுக்கு அளிக்க இசைந்தனர். 101 வயதில் இறந்த ஒரு சகோதரியின் மூளையில் நோயின் தடயங்கள் நிறைந்திருந்தும், முதிர்வயதிலும் அவர் தெளிந்த அறிவுடன் விளங்கினார். மாறாக, நோய்த்தடயத்தோடு சிறு இரத்த அடைப்புகளும் சேர்ந்தவர்களிடம் மறதி மிகுதியாக வெளிப்பட்டது. ஆகவே, இரத்தக் குழாய்களைப் பேணுவது மூளையைப் பேணுவதாகும்.

திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது நமக்குப் பெருமையே. ஆயினும், நீரிழிவுள்ள பாட்டிக்கு அதை அள்ளிக் கொடுப்பது அன்பாகாது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் காலந்தோறும் சோதிக்கப்படட்டும். பெரியோர் நாள்தோறும் நடக்கட்டும்; பேரப்பிள்ளைகள் அவர்களோடு பேசட்டும்.

எல்லா மறதியையும் தடுக்க இயலாது. தந்தையின் அறிவு தளர்ந்தாலும் அவரிடம் பொறுமை காட்டுமாறு சீராக் ஆகமத்தின் மூன்றாம் அதிகாரம் கற்பிக்கிறது. ஆனால், “வயதாயிற்று” என்று மூலையில் விட்டுவிடுமுன் மருத்துவரிடம் காட்டுவது பிள்ளைகளின் கடமை.

அம்முதியவர் இன்று காதுக் கருவி அணிந்துள்ளார். மாலைதோறும் குடும்பச் செபமாலையில் முதல் தேவ இரகசியத்தைத் தொடங்குபவர் அவரே.