தால் ஏரியில் குளிர்காலம்

காஷ்மீரில் ஸ்ரீநகர் என்று ஒரு நகரம் இருக்கிறது. அங்கே உள்ள தால் ஏரியைச் சினிமாவில் பலர் பார்த்திருப்பார்கள். திரை கட்டிய அழகான படகுகள் அதில் போகும். அந்தப் படகுக்கு ஷிகாரா என்று பெயர்.

சினிமாவில் தெரிவது பெரும்பாலும் கோடைக்காலம். ஏரிக்குக் குளிர்காலமும் உண்டு. டிசம்பர் 21-இல் தொடங்கி 40 நாட்கள் கடுங்குளிர் அடிக்கும். காஷ்மீர் மக்கள் இந்த நாட்களைச் 'சில்லை கலான்' என்று சொல்கிறார்கள். நம் ஊரில் மார்கழியும் தையும் நடக்கிற நாட்கள் அவை. 2021 ஜனவரியில் ஸ்ரீநகரின் இரவுக் குளிர் பூஜ்ஜியத்துக்குக் கீழே 8 டிகிரியையும் தாண்டியது. ஏரியின் மேல்பரப்பு உறைந்து போனது.

ஆனாலும் படகுகள் நிற்பதில்லை. ஏரிக்குள்ளேயே குடியிருப்பவர்கள் பலர். பள்ளிக்கூடம், கடை, ஆஸ்பத்திரி எங்கே போவதென்றாலும் படகில்தான் போக வேண்டும். விடியும் முன்பே ஏரியில் காய்கறிச் சந்தை கூடிவிடும். படகுக்குப் படகு காய்கறி கை மாறும். தண்ணீர் உறைந்திருந்தால், துடுப்பால் பனியை உடைத்து உடைத்து வழி செய்துகொண்டு போவார்கள்.

இந்தத் தண்ணீரில் ஒருவர் தவறி விழுந்தால் என்ன ஆகும்? "எனக்கு நீச்சல் தெரியும், பயமில்லை" என்று சிலர் சொல்வார்கள். குளிர்ந்த நீரில் இந்தப் பேச்சு உதவாது. நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இறந்திருக்கிறார்கள். ஏன் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

ஐஸ் போட்ட ஒரு சொம்புத் தண்ணீரை, தெரியாமல் இருக்கும்போது முதுகில் ஊற்றினால் என்ன செய்வோம்? 'ஹா' என்று மூச்சை உள்ளே இழுப்போம். அது நம் கட்டுப்பாட்டில் இல்லை. உடம்பு தானாகச் செய்கிற வேலை அது. முழு உடம்பும் குளிர்நீரில் விழுந்தால் அந்த 'ஹா' பெரிதாக வரும். அந்த நேரம் தலை தண்ணீருக்குள் இருந்தால், காற்றுக்குப் பதில் தண்ணீர் உள்ளே போகும். அதன் பிறகு மூச்சு வேக வேகமாக வாங்கும். இதயம் படபடவென்று அடிக்கும். ஏற்கெனவே இதய நோய் உள்ளவருக்கு அப்போதே ஆபத்து வரலாம்.

இந்தத் திணறல் சுமார் ஒரு நிமிடம் கடுமையாக இருக்கும். பிறகு குறையும். அந்த ஒரு நிமிடம் தலையைத் தண்ணீருக்கு மேலே வைத்திருப்பதுதான் முக்கியம். நீந்திப் போக அவசரப்படக் கூடாது. மல்லாந்து மிதந்து, மூச்சு அடங்கும் வரை பொறுக்க வேண்டும்.

அடுத்த பத்து நிமிடம் போல கை கால்கள் சொன்னபடி கேட்கும். அதற்குள் படகைப் பிடித்து மேலே ஏறப் பார்க்க வேண்டும். நேரம் போகப் போக விரல்கள் மரத்துப் போகும். கயிற்றைக் கொடுத்தாலும் பிடிக்க முடியாது. நீச்சல்காரரும் தோற்றுப் போவது இங்கேதான்.

உடம்பின் உட்சூடு இறங்கி மயக்கம் வருவதற்கு இன்னும் நேரம் ஆகும். மிதந்துகொண்டே இருந்தால், உறைகிற தண்ணீரில்கூட ஒரு மணி நேரம் வரை நினைவு இருக்கலாம். ஆனால் கை ஓய்ந்தவர் எப்படி மிதப்பார்? அதற்குத்தான் லைஃப் ஜாக்கெட். கை ஓய்ந்தாலும் அது ஆளைத் தூக்கிப் பிடிக்கும். பலர் அதைப் படகில் ஓர் ஓரமாகப் போட்டு வைப்பார்கள். 'விழுந்தால் போட்டுக்கொள்ளலாம்' என்ற எண்ணம். விழுந்த பிறகு அதைப் போட விரலும் வராது, மூச்சும் வராது. கரையிலேயே போட்டு, வாரை இறுக்கிவிட வேண்டும்.

காஷ்மீரில் இன்னொரு சங்கதியும் உண்டு. குளிருக்கு அவர்கள் பெரன் என்ற நீண்ட தொளதொளப்பான அங்கி போடுவார்கள். உள்ளே காங்கிரி வைத்துக்கொள்வார்கள். காங்கிரி என்றால் பிரம்புக் கூடைக்குள் இருக்கும் மண் சட்டி. அதில் நெருப்புக் கனல் இருக்கும். கைகளையும் அங்கிக்குள் இழுத்துக் காய்ந்துகொள்வார்கள். தரையில் அது சுகம். படகில் அப்படி உட்கார்ந்தால், விழும்போது கை வெளியே வராது. எனவே படகில் கைகள் சட்டைக் கைக்குள் இருக்க வேண்டும். ஜாக்கெட்டை அங்கிக்கு மேலே போட வேண்டும்.

பாரம் ஏற்றுவது எல்லா ஊரிலும் உள்ள தொல்லை. 2017 ஜனவரி 14 அன்று, மகர சங்கராந்தி நாளில், பீகாரின் பாட்னாவில் கங்கையில் ஒரு படகு கவிழ்ந்தது. பட்டம் விடும் விழா முடிந்து மக்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். படகில் அளவுக்கு மேல் ஆட்கள். 20 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். 'இன்னும் ஒருவர்தானே' என்று ஏற்றுகிற படகோட்டியிடம், அடுத்த படகில் வருகிறேன் என்று சொல்லிவிடலாம். அதில் வெட்கம் இல்லை.

வட இந்தியாவில் குளிர்காலக் காலையில் மூடுபனியும் இருக்கும். எதிரே வரும் படகு தெரியாது. அவசரம் இல்லை என்றால் பனி விலகும் வரை காத்திருக்கலாம். போயே ஆக வேண்டும் என்றால் விளக்கும் விசிலும் வேண்டும். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

படகு கவிழ்ந்துவிட்டால் பெரும்பாலும் அது மிதக்கும். அதை விட்டுவிட்டுக் கரைக்கு நீந்தக் கூடாது. கரை பக்கத்தில் இருப்பதுபோல் தெரியும், ஆனால் பக்கத்தில் இருக்காது. படகின் மேல் ஏறி, முடிந்தவரை உடம்பைத் தண்ணீருக்கு வெளியே வைக்க வேண்டும். ஏற முடியாவிட்டால், ஜாக்கெட் போட்டவர் முழங்காலை மார்போடு மடக்கிக்கொள்ளலாம். பலர் இருந்தால் நெருங்கி, அணைத்துக்கொள்ளலாம். குழந்தைகளை நடுவில் வைக்க வேண்டும்.

கரை சேர்த்தவர்களும் சில தவறுகள் செய்வார்கள். கை காலைப் பரபரவென்று தேய்ப்பார்கள். சாராயம் கொடுப்பார்கள். இரண்டும் கெடுதல். ஈரத் துணியைக் கழற்றி, உலர்ந்த கம்பளியால் தலை முதல் போர்த்த வேண்டும். முதலில் மார்பும் வயிறும் சூடாக வேண்டும். படுக்க வைத்து, மெதுவாகத் தூக்க வேண்டும். நினைவு தெளிவாக இருந்தால் சூடான இனிப்பு டீ கொடுக்கலாம். காங்கிரியைத் தோலோடு ஒட்டி வைக்கக் கூடாது. மரத்த தோலுக்குச் சூடு தெரியாது, வெந்துவிடும்.

மிகவும் குளிர்ந்த உடல் விறைத்து, வெளுத்து, செத்துப்போனது போலத் தெரியும். நாடி மிக மெதுவாக இருக்கலாம், கைக்குப் படாது. அப்படிப்பட்ட சிலர் பிழைத்தும் இருக்கிறார்கள். மூச்சு இல்லை என்றால், செயற்கை சுவாசமும் மார்பை அழுத்துவதும் தெரிந்தவர் உடனே தொடங்க வேண்டும். ஆஸ்பத்திரியில் உடம்பைச் சூடாக்கி, டாக்டர் பார்த்துச் சொல்லும் வரை, 'போய்விட்டார்' என்று யாரும் கையை விட்டுவிடக் கூடாது.