பாலிகை கற்பிக்கும் பாடம்

1896-ஆம் ஆண்டு செப்டம்பர் 1-ஆம் நாள் திருவண்ணாமலையை வந்தடைந்த பகவான் ரமணர், தொடக்க காலத்தில் அண்ணாமலையார் திருக்கோயிலுக்குள்ளேயே இடம் மாறி மாறித் தவத்தில் அமர்ந்திருந்தார். ஆயிரங்கால் மண்டபத்திலும் பாதாள லிங்கக் குகையிலும் இருந்த அவரைப் பின்னர் ஏற்றுக்கொண்டது கோயில் நந்தவனம். ஆளுயரத்தையும் கடந்து வளர்ந்திருந்த அரளிச் செடிகளே அவருக்கு நிழலாயின.

இறைவனுக்கு மலர் வளர்ப்பது வழிபாட்டின் புறவேலை அன்று, அதுவே வழிபாடு. திருப்புகலூரில் முருக நாயனாரும், ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வாரும், திருமலையில் அனந்தாழ்வானும் பூத்தொண்டினாலேயே உயர்ந்தவர்கள். ஆண்டுதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலம் வந்த கால்கள் முதுமையில் தளர்ந்துபோகலாம். எனினும் விதை ஊன்றக் கைகள் உள்ளவரை இத்தொண்டு எவருக்கும் அடைபடுவதில்லை. முற்றம் இல்லாத வீடாயினும் மாடியில் நான்கு தொட்டிகள் போதும்.

விதைப்பு முறையை ஆலயமே கற்பிக்கிறது. பெருந்திருவிழாக்களின் தொடக்கத்தில் நிகழ்வது அங்குரார்ப்பணம். தூய மண்ணைக் கொணர்ந்து, பாலிகைகளில் நிரப்பி, நவதானியங்களை இட்டு முளைக்கச் செய்வர். பயிர்களுக்கு அதிபதி சந்திரன் என்பதால் இச்சடங்கு இரவில் நடைபெறும். முளை செழித்து எழுவது நற்குறியாகக் கொள்ளப்படும். நல்ல மண், நல்ல விதை, அளவான நீர், முளையைக் கவனிக்கும் கண் ஆகிய நான்கும் இதில் அடங்கியுள்ளன.

இல்லத்திலும் முதலில் விதையைச் சோதித்தல் நலம். பத்து விதைகளை ஈரத்துணியில் முடிந்து, துணி உலராமல் வைத்துப் பார்க்க வேண்டும். ஏழெட்டாவது முளைத்தால் அவ்விதை தக்கது. செம்மண், மணல், நன்கு மக்கிய தொழுவுரம் மூன்றையும் சம அளவில் கலந்து, அடியில் துளையுள்ள தொட்டியில் நிரப்ப வேண்டும். விதையின் பருமனைப்போல் இருமடங்கு ஆழமே போதுமானது.

சிவபூசைக்கு உகந்த சங்குப்பூவின் விதைக்குத் தோல் கடினம். அதனை ஓரிடத்தில் இலேசாக உரசி, ஓர் இரவு நீரில் ஊறவைத்து ஊன்றினால் விரைவில் முளைக்கும். கொடி படரப் பந்தலோ கயிறோ வேண்டும். துளசி விதை மிகச் சிறியது. மணலோடு கலந்து மேலாகத் தூவி, பூவாளியால் மென்மையாக நீர் தெளித்தல் வேண்டும். அரளியை விதையைவிடக் குச்சி நட்டு வளர்ப்பதே எளிது. அதன் எல்லாப் பாகமும் நஞ்சாதலின் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

நைவேத்தியத்துக்குரிய காய்களும் இவ்வாறே. வெண்டை, அவரை, பூசணி ஆகியவற்றை வளரும் இடத்திலேயே ஊன்ற வேண்டும். கத்தரி, மிளகாய் போன்றவற்றை நாற்றுவிட்டு, ஏறத்தாழ ஐந்து வாரங்கள் சென்றபின் பிடுங்கி மாலைப் பொழுதில் நடுதல் முறை.

அன்பு மிகுதியால் நேரும் பிழை ஒன்றுண்டு. நாளுக்குப் பலமுறை நீர் வார்த்தால் இளநாற்றின் தண்டு மண்ணருகே அழுகிச் சாய்ந்துவிடும். மேல்மண்ணை விரலால் தொட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டுமே நீர் விட வேண்டும். முளை கண்டதும் காலை வெயில் படச் செய்யாவிடில் நாற்று வெளுத்து நெடிதாகும். இருளில் வளரும் முளைப்பாரி மஞ்சளாய் நீள்வதைக் கண்டவர்கள் இதை எளிதில் உணர்வர்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது முன்னோர் வாக்கு. ஆடியில் ஊன்றிய சங்குப்பூ, நன்கு பேணப்பட்டால் கார்த்திகைத் தீபத்துக்கு முன்பே மலரத் தொடங்கிவிடும். சில காய்களைப் பறிக்காமல் கொடியிலேயே முற்றவிட்டு, பழுப்பேறி வெடிக்கும் முன் எடுத்து நிழலில் உலர்த்தினால் அடுத்த ஆண்டுக்கும் விதை ஆயிற்று. வாடிய நிர்மால்யத்தையும் குப்பையில் எறியாமல், கால்படாத ஒரு தொட்டியில் மக்கவைத்தால் அதுவே மறுவிதைக்கு எருவாகும்.

மலையுச்சியில் மகாதீபம் ஏற்றப்படும் அந்தி வேளையில், மலைவலம் வர இயலாத முதியவர் ஒருவர் தம் மாடித் தொட்டியில் பூத்த ஒரு நீலமலரைப் பூசையறையில் சாத்துவாரானால், அதுவும் அண்ணாமலையார் திருவடியைச் சேர்ந்த வலமேயாகும்.