சுரங்க ரயில் விபத்தும் சிறார்க்குரிய ஏவல் மொழியும்

ஆபத்துக் காலத்து ஏவல் பிழைபடின் உயிரிழப்பு நேரும் என்பதற்குத் தென்கொரியாவின் தேகு நகர விபத்து சான்றாகும். 2003 பிப்ரவரி 18 அன்று ஜுங்காங்னோ சுரங்க நிலையத்தில் நின்ற ரயிலில் பயணி ஒருவர் தீ வைத்தார். எதிர்த்திசையில் வந்து நின்ற மற்றொரு ரயிலுக்கும் தீ பரவிற்று. அவ்வண்டியில் இருந்தோரை உள்ளேயே காத்திருக்குமாறு ஒலிபெருக்கி அறிவித்தது. பின்னர் ஓட்டுநர் இயக்கச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியேறினார்; பல கதவுகள் மூடியே கிடந்தன. மாண்ட 192 பேருள் பெரும்பாலோர் இந்த இரண்டாம் வண்டியினரே.

அக்கதவுகளைக் கையால் திறக்க இயலும் என்பதைப் பலர் அறிந்திருக்கவில்லை. அதனைச் சிறார்க்குக் கற்பிக்கும் பணி பின்னர் முதன்மை பெற்றது. தேகுவில் 2008இல் திறக்கப்பட்ட பாதுகாப்புப் பயிற்சிக் கூடத்தில் எரிந்த பெட்டியொன்று காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. புகை சூழ்ந்த பெட்டியிலிருந்து வெளியேறும் பயிற்சியும் அங்கே உண்டு.

இங்கு மொழிச் சிக்கல் ஒன்று எழுகின்றது. தமிழைப் போலவே கொரிய மொழியிலும் எச்சங்கள் தொடர்ந்து வர, முற்றுவினை இறுதியில் நிற்கும். 'மூடியைத் திறந்து, பிடியைத் திருப்பி, காற்று வெளியேறும் வரை பொறுத்து, கதவைத் தள்ளவும்' என்பது பெரியோர்க்குத் தெளிவு. ஏழு வயதுக் குழந்தைக்கோ இறுதிச் சொல் மட்டுமே மனத்தில் தங்கக்கூடும். 'மூடியைத் திற. பிடியைத் திருப்பு. பொறு. தள்ளு' எனப் பிரித்துரைப்பதே பொருந்தும். இவற்றுள் 'பொறு' என்பதற்கு மட்டும் காரணமும் கூற வேண்டும். கதவை இறுக்கிப் பிடித்திருப்பது காற்றழுத்தம். அது தணியுமுன் தள்ளிப் பார்க்கும் குழந்தை, கதவு திறவாது என்றே முடிவு செய்துவிடும். 'ஓடாதே' எனும் விலக்கலினும் 'மூக்கையும் வாயையும் மூடு. குனிந்து நட' என்பதே பயன் தரும். விலக்கல் செய்ய வேண்டியதைச் சொல்வதில்லை.

இதனினும் கடினமானது கீழ்ப்படிதல் பற்றியது. 2014 ஏப்ரல் 16இல் செவோல் கப்பல் மூழ்கியபோது, இருந்த இடத்திலேயே இருக்குமாறு மீண்டும் மீண்டும் கூறப்பட்டது. இறந்த 304 பேருள் 250 பேர் ஒரே மேனிலைப் பள்ளியின் மாணவர்கள். 2017இல் முதலிரு வகுப்புகளுக்கு 'பாதுகாப்பான வாழ்க்கை' எனும் பாடம், இரண்டாண்டுகளில் 64 பாடவேளைகள் என வகுக்கப்பட்டு அறிமுகமாயிற்று. 2024இல் அது பிற பாடங்களோடு இணைக்கப்பட்டது.

ஆயினும், 'சொன்னபடி கேள்' என்பதை அடியோடு கைவிடவும் இயலாது. வண்டி வெறுமனே நின்றதும் கதவைத் திறந்து தண்டவாளத்தில் இறங்கும் குழந்தை மற்றொரு வண்டியில் அடிபட நேரும். ஆகவே 'புகையோ தீயோ கண்டால்' எனும் நிபந்தனையே இப்பாடத்தின் உயிர்நிலை. நிபந்தனைத் தொடரை மனப்பாடம் செய்விப்பதனால் அது விளங்கிவிடாது. புகை சூழ்ந்த வண்டி, வெறுமனே நின்ற வண்டி என்னும் இரு சூழல்களையும் அடுத்தடுத்து நடிக்கச் செய்து, எதில் கதவைத் தொடலாகாது என்பதையும் அது ஏன் என்பதையும் சிறார் தம் சொற்களிலேயே கூறுமாறு விடுதல் வேண்டும்.