இதய மின்சாரத்தின் வழியைக் காட்டும் ஸ்கேன்

உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள ஒரு வீடியோ பைல் மீது ரைட் கிளிக் செய்து புராப்பர்ட்டீஸ் தேர்ந்தெடுங்கள். டீடெய்ல்ஸ் டேபில் பிரேம் ரேட் என்ற வரி இருக்கும். பெரும்பாலும் 25 அல்லது 30 என்று காட்டும். விநாடிக்கு அத்தனை படங்கள் என்று பொருள். இதயத்தில் மின் அலை பரவும் வழியை அறிய, விநாடிக்கு 2,000 படங்கள் எடுக்கிறார்கள் என்று படித்து நான் அசந்து போனேன்.

எதற்கு இந்த வேகம்?

இதயத் தசை சுருங்குமுன் அதில் ஒரு மின் அலை பரவுகிறது. அது தவறான இடத்தில் கிளம்பினால் துடிப்பு தாறுமாறாகும். கதீட்டர் என்னும் மெல்லிய குழாயை இதயத்துக்குள் செலுத்தி, அந்த இடத்தை டாக்டர்கள் சுட்டுச் செயலிழக்கச் செய்வார்கள். எங்கே சுடுவது என்பதுதான் கேள்வி. ஈ.சி.ஜி. தோலின் மேலிருந்து அளப்பதால் இடத்தை ஓரளவே ஊகிக்க முடியும்.

அல்ட்ராசவுண்ட் ஒலிக்கு மின்சாரம் தெரியாது. ஆனால் மின் அலை எட்டிய தசை, சில பத்து மில்லி விநாடிகளில் சுருங்கத் தொடங்கும். சுருக்கம் பரவும் வரிசையைக் கண்டால் மின் அலையின் வழி புரிந்துவிடும். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எலிசா கோனோஃபாகு குழுவினர் உருவாக்கிய இம்முறையின் பெயர் எலக்ட்ரோமெக்கானிக்கல் வேவ் இமேஜிங்.

கம்ப்யூட்டரின் பங்கு

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன். உடல் திசுக்களில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 1,540 மீட்டர். 15 செ.மீ. ஆழம் போய்த் திரும்ப ஏறத்தாழ 0.2 மில்லி விநாடி. ஆக, விநாடிக்கு 5,000 முறை ஒலியை அனுப்பலாம். வழக்கமான ஸ்கேனில் ஒரு முறைக்குப் படத்தின் ஒரு கோடுதான் கிடைக்கும். 100 கோடுகள் சேர்ந்து ஒரு படம் என்றால், விநாடிக்கு 50 படங்களே.

புதிய முறையில், அகலமாக விரியும் ஒரே அலையை அனுப்புகிறார்கள். திரும்பி வரும் எதிரொலிகளை வைத்து எல்லாக் கோடுகளையும் கம்ப்யூட்டர் கணக்கிடுகிறது. ஒரு முறை அனுப்பினால் ஒரு முழுப் படம்! கேம்ஸுக்கு என்றே நாம் நினைக்கும் கிராபிக்ஸ் கார்டு, இத்தகைய கணக்குகளில் கைகொடுக்கிறது.

பலன் என்ன?

2019ல் வெளியான ஆய்வில் 55 நோயாளிகளைச் சோதித்தார்கள். கோளாறு உள்ள இடத்தை இம்முறை 96 சதவீதம் சரியாகச் சொன்னது. ஈ.சி.ஜி. மூலம் கணித்தது 71 சதவீதம். 55 பேர் சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் கதீட்டர் உள்ளே போகுமுன்பே இடம் தெரிந்தால், டாக்டர் தேடும் நேரம் குறையும் அல்லவா?

படத்தின் தரம் என்றால் நாம் மெகாபிக்சலை மட்டும் பார்க்கிறோம். இனி பிரேம் ரேட்டையும் பாருங்கள்.