படத்தில் தெரியாத முறிவைக் காட்டிக்கொடுக்கும் கொழுப்பு

கையூன்றி விழுந்து முழங்கை வீங்கிய ஒருவரின் எக்ஸ்ரே படத்தில் முறிவு எதுவும் தென்படவில்லை என்பதாலேயே, எலும்பு முறியவில்லை என்று உறுதியாகக் கூறிவிட முடியாது. துண்டுகள் இடம்பெயராத மெல்லிய முறிவுகள் முதல் நாள் படத்தில் புலப்படாமல் போவதுண்டு. அத்தகைய வேளைகளில் மருத்துவர்களுக்குத் துப்புக் கொடுப்பது எலும்பல்ல, அதையடுத்துள்ள கொழுப்பு.

முழங்கை மூட்டை மூடியிருக்கும் உறையின் அடுக்குகளுக்கிடையே, முன்னும் பின்னுமாகக் கொழுப்புத் திண்டுகள் உள்ளன. இவை எக்ஸ்ரேயில் கறுப்பாகத் தெரியும். கையை 90 பாகை மடக்கிப் பக்கவாட்டில் எடுக்கும் படத்தில், முன்புறத் திண்டு மெல்லிய கீற்றாகத் தெரிவது இயல்பே. பின்புறத் திண்டோ எலும்பின் குழிக்குள் மறைந்திருக்கும். அது தெரியவே கூடாது. முறிவினால் மூட்டுக்குள் இரத்தம் நிரம்பும்போது இரண்டும் வெளியே தள்ளப்படுகின்றன. முன்புறத் திண்டு, காற்றில் புடைத்த கப்பற்பாய் போல் உயர்கிறது. இதன் முக்கியத்துவத்தை நோரெல் என்ற ஆய்வாளர் 1954 ஆம் ஆண்டில் விளக்கி எழுதினார்.

பெரியவர்களிடம் இந்த அடையாளம் தெரிந்தால் ஆரை எலும்பின் தலைப்பகுதியிலும், சிறுவர்களிடம் மேற்கை எலும்பின் கீழ்ப்பகுதியிலும் முறிவு இருக்கலாம் என்று முதலில் சந்தேகிக்கப்படுகிறது.

ஆயினும் சந்தேகம் வேறு, நிரூபணம் வேறு. பின்புறத் திண்டு தெரிந்தும் முறிவு தெரியாத 45 சிறுவர்களைப் பற்றி 1999 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 34 பேருக்கு முறிவு இருந்தது பின்னர் எடுத்த படங்களில் தெரியவந்தது. வேறு ஆய்வுகளில் இந்த விகிதம் மிகக் குறைவு. மறுபுறம், மூட்டுறையே கிழிந்திருந்தால் இரத்தம் வெளியேறிவிடும். கடுமையான காயத்திலும் அடையாளம் தோன்றாது. கையை நீட்டியபடி படம் எடுத்தாலோ, காயமே இல்லாதவரிடமும் பின்புறத் திண்டு தெரியக்கூடும்.

முழங்காலில் கதை சற்று வேறு. அங்கு முறிந்த எலும்பின் மஜ்ஜையிலுள்ள கொழுப்பு மூட்டுக்குள் கசிந்து, இரத்தத்தின் மேல் எண்ணெய் போல் மிதக்கிறது. நோயாளியைப் படுக்கவைத்து, கதிரைக் கிடைமட்டமாகச் செலுத்தி எடுக்கும் படத்தில் இரண்டுக்குமிடையே நேர்கோடு தெரியும். படுக்கவைத்து மேலிருந்து எடுத்தால் அது தெரியாது.

முழங்கையில் இந்த அடையாளம் கண்டவர்களுக்குக் கையை அசையாமல் கட்டித் தொங்கவிட்டு, வலி நீடித்தால் இரண்டு வாரங்களுக்குள் மீண்டும் படமெடுப்பது வழக்கம். ஆறத் தொடங்கிய எலும்பு அப்போது தன்னைக் காட்டிக்கொடுக்கும். அதுவரை, "எலும்பு முறியவில்லையே" என்று வீட்டில் எண்ணெய் தடவி நீவிவிடுவது பாதிப்பை அதிகரிக்கக்கூடும்.